சந்தனமா? எண்ணெயா? வேப்பிலையா?

திருத்தணி வட்டாரத்துச் சித்திரை வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்கள் பல. ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையில், காற்றோட்டம் குறைந்த தறிக்கூடத்தில் நாள் முழுதும் நிற்பவரின் முதுகில் வேர்க்குரு அரும்புவது வியப்பன்று.

அரிக்கிறது என்றதும் பாட்டி, "சந்தனம் இழைத்துப் பூசு" என்பார். அத்தை, "தேங்காய் எண்ணெய் தடவு" என்பார். எதிர்வீட்டுத் தாத்தா, "வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடு" என்பார். மாணவர்களே, இவற்றுள் எது சரி? எதனால் அரிக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கூற முடியும்.

வெளியேற முடியாத நீர்

வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும். தோலின் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. 58 கிராம் நீரை 10 டிகிரி குளிர்விப்பதற்கு அகற்ற வேண்டிய வெப்பமும் இதே அளவுதான். இதையே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்.

காற்றில் ஈரப்பதம் மிகுந்தாலோ, காற்றோட்டம் இல்லாவிட்டாலோ வியர்வை எளிதில் ஆவியாகாது. அதில் ஊறிய மேல்தோல் உப்பி, வியர்வைக் குழாய்களின் வாயை அடைக்கிறது. வெளியேற வழியில்லாத வியர்வை தோலுக்குள்ளேயே கசிகிறது. அதுதான் வேர்க்குரு.

இங்கே சந்தனம் உதவும். சந்தனக் குழம்பு என்பது நீரில் கலந்த நுண்துகள்கள். மெல்லிய படலமாகப் பரவுவதால் அதிலுள்ள நீர் விரைவாக ஆவியாகிறது; தோல் குளிர்கிறது; அரிப்பு தணிகிறது. மருந்துக் கடையில் விற்கும் இளஞ்சிவப்பு நிறக் காலமைன் கரைசலும் இவ்வாறே குளிர்ச்சி தருகிறது; அதில் சந்தனத்துக்குப் பதிலாகத் துத்தநாக ஆக்சைடு போன்ற தூள்கள் இருக்கும். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணிகூடப் போதும். ஆனால் வேர்க்குருவின்மேல் எண்ணெய் தடவினால், அடைபட்ட வாய் மேலும் அடைபடும்!

தங்காத நீர்

மார்கழிப் பனிக்காற்றில் முதியவர்களின் கணுக்கால்களைக் கவனியுங்கள். தோல் வெளுத்து, செதிள் செதிளாக உரிந்து அரிக்கும். இங்கு நிலைமை நேர்மாறு. மேல்தோலின் செல்கள் செங்கற்கள் என்றால், இடையிலுள்ள கொழுப்பு காரை. கொதிக்கும் வெந்நீரும் காரமான சோப்பும் அந்தக் காரையைக் கரைத்துவிட, தோலின் நீர் வெளியேறி விடுகிறது.

இப்போது அத்தை சொன்னதே சரி. குளித்து ஈரம் காயுமுன் தடவும் தேங்காய் எண்ணெய், நீர் ஆவியாவதைத் தடுக்கும். இங்கே சந்தனம் பூசினால் வறட்சி கூடலாம்.

குடியேறிய பூச்சி

விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் அரிப்பு மிகுகிறதா? வீட்டில் மற்றவர்க்கும் அரிக்கிறதா? அப்படியானால் அது சொறியாக இருக்கலாம். அரை மில்லிமீட்டர்கூட நீளமில்லாத எட்டுக்கால் சிற்றுண்ணி ஒன்று மேல்தோலில் வளை தோண்டி முட்டையிடுவதால் வரும் நோய் அது. உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

வேப்பிலை, மஞ்சள் விழுதைப் பற்றி 1992-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சொறி கண்ட 814 பேருக்குப் பூசியதில் 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாட்களில் குணமடைந்ததாக அது கூறுகிறது. நம்பிக்கை தரும் செய்திதான். எனினும் அது முன்னோட்ட ஆய்வு என்று அதன் தலைப்பே சொல்கிறது. அதை மட்டும் நம்பி நாட்களைக் கடத்தலாகாது. சொறிந்த புண்ணில் கிருமிகள் நுழைந்தால் சிலருக்குச் சிறுநீரகம்வரை பாதிக்கப்படும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றால் பெர்மெத்ரின் களிம்பு போன்ற மருந்து எழுதித் தருவார்கள். சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரித்ரம் பூவிலுள்ள பூச்சிக்கொல்லிப் பொருளைப் பின்பற்றிச் செயற்கையாக உருவாக்கப்பட்டதே பெர்மெத்ரின்! மருத்துவர் சொன்னபடி வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். துணி, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் சிற்றுண்ணி மீண்டும் சுற்றிவரும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு உருளைக்கிழங்கு வில்லைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் எல்லாப் பக்கங்களிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பள்ளி ஆய்வகத் தராசில் இரண்டின் எடையையும் குறித்துக்கொண்டு, மின்விசிறியின்கீழ் நான்கு மணி நேரம் வையுங்கள். மீண்டும் எடை பாருங்கள். எது அதிக எடை இழந்தது? ஏன்?

அடுத்து, வெப்பமானியின் குமிழில் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, விசிறிக் காற்றில் பிடியுங்கள். எத்தனை டிகிரி இறங்குகிறது? மழை நாளிலும் வெயில் நாளிலும் செய்து ஒப்பிடுங்கள்.

இனி வீட்டில் யாருக்காவது அரித்தால், பூசுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வியர்வை தேங்கியதா? தோல் வறண்டதா? இரவில் பலருக்கும் அரிக்கிறதா? முதலிரண்டில் விடை கிடைத்தால் கைவைத்தியம் போதும். மூன்றாவதற்கு "ஆம்" என்றால் மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள்.