தறியில் காணும் பொருளியல்: நிறுவன இலாபமும் நாட்டு நலமும்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியும் அதனைச் சூழ்ந்த சந்தவாசல் முதலிய ஊர்களும் அடங்கிய வட்டாரம் பட்டு நெசவால் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. நிறுவனங்கள் செழித்தால் நாடும் செழிக்கும் என்பது நாம் அடிக்கடி கேட்கும் கூற்று. அக்கூற்று எந்த அளவிற்கு மெய்யானது என்பதை நாம் நன்கறிந்த தறியின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலாபம் இழிவன்று

வணிகர் முதலிடுகிறார், கோராப் பட்டும் சரிகையும் வாங்கித் தருகிறார், விற்காத சேலையின் நட்டத்தையும் தாமே ஏற்கிறார். அதற்குரிய ஆதாயத்தை அவர் பெறுவது முறையே. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, அவர்தம் செல்வத்தை அன்று, அவர்தம் நடுவுநிலையையே பெரிதாகப் பேசுகிறது. இலாபம் இல்லாத தொழில் கூலியும் தராது, வரியும் செலுத்தாது. ஆயினும், இலாபம் எவ்வளவு என்பதோடு அது எவ்வழியே வந்தது, எங்கே சென்றது என்பனவும் வினவத்தக்கன.

ஒரு சேலையின் கணக்கு

கூலி, வாடகை, வட்டி, இலாபம் ஆகிய நான்கும் சேர்ந்ததே நாட்டு வருமானம் என்பது பொருளியலின் பால பாடம். எளிமைக்காக வாடகையையும் வட்டியையும் நீக்கிவிட்டு, ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு சேலையின் விலை 10,000 ரூபாய் எனக் கொள்க. மூலப்பொருளுக்கு 5,000 ரூபாயும், நெசவாளர் கூலிக்கு 2,500 ரூபாயும் போக, வணிகர் இலாபம் 2,500 ரூபாய்.

கூலியில் 500 ரூபாயைக் குறைத்தால் வணிகர் இலாபம் 3,000 ரூபாயாக உயரும். ஆனால் கூலியும் இலாபமும் சேர்ந்த தொகை முன்போலவே 5,000 ரூபாய்தான். நாட்டின் வருமானம் ஒரு காசும் கூடவில்லை. ஒருவர் பையிலிருந்த பணம் மற்றொருவர் பைக்கு மாறிற்று. மாறாக, புதிய வடிவமைப்பால் அதே சேலை 11,000 ரூபாய்க்கு விற்று, கூடிய தொகையை இருவரும் சமமாகப் பகிர்ந்துகொண்டால், கூலி 3,000, இலாபம் 3,000. இப்பொழுது மொத்தம் 6,000 ரூபாய். இரண்டு வழிகளிலும் வணிகரின் இலாபம் ஒன்றே. ஆயின் முதல் வழியில் நெசவாளர் குடும்பம் நலிகிறது. இரண்டாம் வழியில் நாடே வளர்கிறது. இலாபத்தை மட்டும் நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

நாடு தழுவிய படிப்பினை

2019 செப்டம்பரில் மத்திய அரசு, சலுகைகளைத் துறக்கும் உள்நாட்டு நிறுவனங்களின் வருமான வரியை 22 விழுக்காடாகக் குறைத்தது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு என வகுத்தது. இதனால் ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என அன்று கணக்கிடப்பட்டது. மிச்சமாகும் பணம் முதலீடாகும், முதலீடு வேலையாகும் என்பதே எதிர்பார்ப்பு.

நிகழ்ந்தது யாது? 2025 சனவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை, 2023-24ஆம் ஆண்டில் பெருநிறுவனங்களின் இலாபம் 22.3 விழுக்காடு உயர, வேலைவாய்ப்பு 1.5 விழுக்காடே வளர்ந்ததைச் சுட்டியது. உழைப்போர் பங்கு தேய்ந்தால் நுகர்வோர் வாங்கும் ஆற்றலும் குன்றும் என்று அரசின் அறிக்கையே எச்சரித்தது.

இதன் காரணம் எளிது. ஒரு முதலாளி மட்டும் கூலியைக் குறைத்தால் அவருக்கு ஆதாயம். எல்லா முதலாளிகளும் குறைத்தால், அவர்தம் சரக்கை வாங்குவோர் யார்? வரி குறைந்தது என்பதற்காக எவரும் புதிய தறி போடுவதில்லை. வாங்குவோர் பெருகினால்தான் போடுவர். சந்தவாசல் கடைத்தெருவில் அரிசியும் துணியும் விற்பது உழைப்போர் கைக்கூலியால் அன்றோ!

2019-20ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35.22 இலட்சம் கைத்தறித் தொழிலாளர் உள்ளதாகவும், நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுவதாகவும் தெரிவித்தது. பட்டு நெய்வோர் பட்டு உடுத்த இயலாத நிலையை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

கூட்டுறவு காட்டும் நெறி

1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்சும், அதனோடு இணைந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் வேறொரு நெறியைக் காட்டின. இங்கு நெசவாளரே உறுப்பினர். ஆதலின் இலாபத்தின் ஒரு பகுதி அவரிடமே திரும்புகிறது. நிருவாகம் சோர்ந்தும், சரக்குத் தேங்கியும் நலிந்த சங்கங்கள் உண்டு. நெறி மட்டும் இருந்தால் போதாது, திறமையும் வேண்டும் என்பதே அவை தரும் பாடம்.

முடிவுரை

பொருளை ஈட்டுதலோடு அதனை வகுத்தளித்தலையும் ஆட்சியின் திறமாக வைத்தார் வள்ளுவர். நிறுவனங்களின் இலாபம் ஊற்று எனின், கூலியும் முதலீடும் வரியும் அதன் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்தால் ஊற்றருகே சேறு மிகும், வயல் காயும். நாளை கணக்கராகவும் வணிகராகவும் அலுவலராகவும் ஆகவிருக்கும் மாணவ மணிகள், இலாபக் கணக்கைக் காணுந்தோறும் அதன் மறுபக்கத்துக் கூலிக் கணக்கையும் புரட்டிப் பார்ப்பார்களாக. பாவும் ஊடையும் ஒருங்கே இறுகினால்தான் சேலை நிற்கும், நாடும் அவ்வாறே.