தொற்றா நோய்த் தடுப்பும் நிலைபேறான அபிவிருத்தியும்

மாணவர்களே, நிலைபேறான அபிவிருத்தி பற்றி வினவினால் காடு, நீர், மண் என எழுதி நிறுத்திக்கொள்வோர் பலர். வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்குப் பாதிப்பின்றி இன்றைய தேவைகளை நிறைவேற்றுதலே நிலைபேறான அபிவிருத்தி என 1987இல் புருண்ட்லண்ட் ஆணைக்குழு விளக்கியது. உழைப்பவரின் உடல்நலமும் இதில் அடங்கும். 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளில் 3ஆவது சுகாதாரம் பற்றியது. தொற்றா நோய்களால் ஏற்படும் அகால மரணங்களை 2030ஆம் ஆண்டளவில் மூன்றில் ஒரு பங்கால் குறைத்தல் அதன் உப இலக்குகளில் ஒன்றாகும்.

இதய நோய், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய் என்பன பிரதான தொற்றா நோய்கள். இவற்றைப் பணக்காரரின் நோய்கள் என எழுதிவிடாதீர்கள். உலகில் இந்நோய்களால் இறப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இலங்கையில் பத்து மரணங்களில் எட்டளவுக்கு இந்நோய்களே காரணம்.

நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் வாய்ப்புற்றுநோய். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இது. லிந்துலைத் தோட்டங்களில் பெண்களும் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டுதான் கொழுந்து பறிக்கிறார்கள். "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று உங்கள் அம்மாயி சொல்லியிருக்கலாம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புப் படலம், காரம் பட்டால் எரிவு, மூன்று விரல் நுழையுமளவு வாயைத் திறக்க முடியாமை, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் வலி இராது. ஆகையால்தான் பலர் பிந்திப் போகிறார்கள்.

இதனை முன்கூட்டியே கண்டறிய முடியும். 1984இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற 34 ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் ஓராண்டில் 28,000க்கு மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்தனர். எனினும் மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேரே வந்தனர். நமது தோட்டங்களில் இதற்கான காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. கிளினிக் போனால் அன்றைய பேர் இல்லை. வேலையின் நடுவில் போனால் அரைப்பேர்தான்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனாலும் லிந்துலையிலிருந்து மகரகமவுக்குப் போய்வர பஸ் கட்டணம் வேண்டும், துணைக்குச் செல்பவரின் சம்பளமும் போகும். நகை அடகுக்குப் போகும். பிறகு மூத்த பிள்ளையின் படிப்பு நிற்கும். அப்படி நின்றவர்கள் என் வகுப்பிலும் இருந்தார்கள். ஒருவரின் நோய் அடுத்த தலைமுறையின் வாய்ப்பைப் பறிப்பது இவ்வாறே. விடையில் இத்தொடர்பைக் கட்டாயம் காட்டுக.

அரசின் நடவடிக்கைகளாக 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2011 முதல் அமைக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள், 2016இல் புகையிலை கலந்த மெல்லும் கலவைகளுக்கு விதிக்கப்பட்ட தடை ஆகியவற்றைக் குறிப்பிடலாம். எனினும் வேலைநாளில் இறங்கி வரச் சொல்வதைவிட, பரிசோதகர் பிரட்டுக்களத்துக்கே வருவதுதான் தோட்டத்துக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

பயிற்சி வினா: "தொற்றா நோயைத் தடுப்பது வறுமையைக் குறைக்கும்." உமது பிரதேசத்திலிருந்து ஓர் உதாரணம் தந்து விளக்குக.