சென்சாரை எங்கே வைப்பது?

ஒரு சின்னக் கணக்கு. கடல் முழுக்கப் பனிக்கட்டி, நடுவில் ஒரு திறந்த நீர்ப்பாதை. அதன் ஓரத்தில் நின்று, மூச்சுவிட மேலே வரும் திமிங்கிலங்களை எண்ணுறீங்க. மொத்தம் எத்தனை இருக்கும்?

"கண்ணில் பட்டது இவ்வளவு, கூடக் கொஞ்சம் சேர்த்துக்கலாம்" என்கிறீங்களா? 1970-களில் அலாஸ்காவின் வட முனையில் இருக்கும் பாரோவில் (இப்போது உட்கியாக்விக்) அறிவியலாளர்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். போஹெட் திமிங்கிலங்கள் 2,000-க்கு மேல் இருக்காது என்று கணித்தார்கள். அதை நம்பி, 1977-ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் இனுப்பியாட் மக்களின் வேட்டைக்குத் தடை போட்டது. அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை, ஊரே பங்குபோட்டுச் சாப்பிடும் உணவு. இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனதும் அவர்கள் இல்லை, வெளியிலிருந்து வந்த வணிகக் கப்பல்கள்!

வேட்டைக்காரர்கள் சொன்னது: "கணக்கு தப்பு. நீர்ப்பாதை மூடினாலும் திமிங்கிலம் நிக்காது. பனிக்கு அடியிலேயே போகும், மெல்லிய பனியைத் தலையால் முட்டி உடைத்து மூச்சு விடும். உங்க கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் போகும்."

இங்கேதான் கவனிங்க. ஹாரி பிரோவர் என்ற மூத்த வேட்டைத் தலைவர் இதைப் பொறுமையாக விளக்க, தாமஸ் ஆல்பர்ட் என்ற அறிவியலாளர் அதைக் கதையாகக் கேட்கவில்லை, சோதித்துப் பார்க்கக்கூடிய கருதுகோளாக எடுத்துக்கொண்டார். நீருக்கடியில் பல ஹைட்ரோஃபோன்களை இறக்கினார்கள். ஒரே குரல் ஒவ்வொன்றையும் வந்தடையும் நேர வித்தியாசத்தை வைத்துத் திமிங்கிலம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். (சிக்னல் ப்ராசஸிங் பேப்பரில் அரியர் வைத்தவர்களும் இதை மறந்திருக்க மாட்டீங்க.) நீர்ப்பாதை மூடியிருந்த நாட்களிலும், கண் எட்டாத தூரத்திலிருந்தும் குரல்கள் கேட்டன. 1988 கணக்கெடுப்பின் மதிப்பீடு சுமார் 7,500. பத்து வருஷத்தில் திமிங்கிலம் அந்த வேகத்தில் குட்டி போடாது. பெரும்பகுதி முன்பே இருந்தவை, எண்ணப்படாதவை. அதன்பின் எண்ணிக்கை நிஜமாகவே வளர்ந்தது, 2011-ல் 16,000-ஐத் தாண்டியது.

நாம என்ன செய்வோம்? கருவியெல்லாம் வாங்கி முடித்தபிறகு, ரிப்போர்ட்டில் "பாரம்பரிய அறிவு" என்று ஒரு பாரா சேர்ப்போம். அங்கே எதை அளக்கணும் என்பதையே வேட்டைக்காரர்களின் பேச்சு முடிவு செய்தது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை: பணம். 1972-ல் உருவான நார்த் ஸ்லோப் பரோ என்ற உள்ளாட்சிக்கு எண்ணெய் நிறுவனங்களின் சொத்து வரி வந்தது. ஆய்வாளர்களை வேலைக்கு வைத்து, இந்த ஆய்வுக்குச் செலவு செய்தது அந்த உள்ளாட்சிதான். ஆல்பர்ட்டும் அவர்களுக்காக வேலை செய்தவரே.