ஐரிஷ் மூதாதையரைத் தேடுகிறீர்களா? பெயரை விட்டு ஊரைப் பிடியுங்கள்

1840களின் பிற்பாதியில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அயர்லாந்தில் பெரும்பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத கூட்டம் கப்பலேறியது. அவர்களின் வழிவந்தவர்கள் இன்று அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எங்கும் இருக்கிறார்கள். முப்பாட்டனின் ஊரைத் தேடிக் கிளம்பும் இவர்களில் பலர் பாதியில் கைவிடுவதற்கு ஆவணப் பஞ்சத்தைவிட, வீட்டில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன சில நம்பிக்கைகளே காரணம்.

நம்பிக்கை: 1922 தீயில் எல்லாமே எரிந்துவிட்டது.

உண்மை: உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதியும், ஏராளமான உயில்களும், சர்ச் ஆஃப் அயர்லாந்து சபையின் பதிவேடுகளில் பாதிக்கும் மேலும் சாம்பலாயின. ஆனால் 1861, 1871 கணக்குகளை அரசே முன்னதாக அழித்திருந்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாகப் போயின. பழி முழுவதும் தீக்குச் சேராது.

கத்தோலிக்கப் பதிவேடுகளோ அந்தக் கட்டடத்துக்குப் போகவே இல்லை. முன்பு அரசுச் சபையாக இருந்த சர்ச் ஆஃப் அயர்லாந்தின் ஏடுகளைத்தான் சட்டம் பொது ஆவணமாகக் கருதியது. பெரும்பான்மையினரான கத்தோலிக்கர்களின் ஏடுகள் அந்தந்தப் பங்கிலேயே (தேவாலய வட்டாரத்திலேயே) கிடந்தன, அதனாலேயே பிழைத்தன. தேசிய நூலகம் படச்சுருளில் எடுத்துவைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பக்கங்கள் 2015 முதல் இணையத்தில் இலவசம்.

சர்ச் ஆஃப் அயர்லாந்து ஏடுகளும் முற்றாக அழியவில்லை. பராக் ஒபாமாவின் தாய்வழி முன்னோரான ஃபால்மத் கியர்னி 1850இல் அமெரிக்கா வந்தவர். அவர் குடும்பத்தின் வேர் மனிகால் ஊர் என்பதற்கான பதிவுகள், 2007இல் அந்த வட்டாரப் போதகரின் பொறுப்பிலிருந்த சபை ஏடுகளில்தான் கிடைத்தன.

நம்பிக்கை: எல்லிஸ் தீவு அதிகாரிகள் எங்கள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள்.

உண்மை: எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1இல். பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள் அதற்கு நாற்பது ஆண்டு முன்பே கரையேறிவிட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கும் அங்கே யாரும் புதுப்பெயர் சூட்டவில்லை. கப்பல் கம்பெனி கொண்டுவந்த பயணிகள் பட்டியலை வைத்துத்தான் அதிகாரிகள் சரிபார்த்தார்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதும், புது ஊரோடு ஒத்துப்போகக் குடும்பமே மாற்றிக்கொண்டதும்தான் பெரும்பாலான மாற்றங்களுக்குக் காரணம். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துத் தொங்காதீர்கள். ‘ஓ’கானர்’ இன்னோர் ஏட்டில் வெறும் ‘கானர்’ ஆகியிருப்பார். லத்தீனில் எழுதிய பாதிரியாரிடம் ஜேம்ஸ் ‘யாகோபுஸ்’ ஆகியிருப்பார்.

நம்பிக்கை: பெயரும் ‘அயர்லாந்து’ என்ற நாடும் தெரிந்தால் போதும்.

உண்மை: கார்க் மாவட்டத்தில் பாட்ரிக் மர்ஃபியைத் தேடினால் ஒரே பங்கில் பலர் வந்து நிற்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது டவுன்லேண்ட். சில வயல்களும் சில வீடுகளும் கொண்ட இந்தச் சிறு நிலப்பிரிவுகள் அயர்லாந்தில் 60,000க்கும் மேல். அதன் பெயரை முதலில் தேடவேண்டிய இடம் அயர்லாந்து அல்ல, மூதாதை குடியேறிய நாடு. அங்குள்ள கல்லறைக் கல், தேவாலயத் திருமணப் பதிவு, இரங்கல் செய்தி எல்லாவற்றையும் பாருங்கள். பாஸ்டனின் ‘பைலட்’ பத்திரிகை 1831 முதல் காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. பல விளம்பரங்களில் பங்கின் பெயர்கூட இருக்கும். நியூயார்க்கின் எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி, கணக்கு தொடங்கியவரின் பிறந்த ஊர், பெற்றோர், வந்த கப்பல் ஆகிய விவரங்களைக் கேட்டு எழுதிவைத்தது.

பங்கு தெரிந்துவிட்டால் ஞானஸ்நான ஏட்டின் ஒரு வரியே நிறையச் சொல்லும்: தேதி, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், ஞானப்பெற்றோர் பெயர்கள், சில பங்குகளில் டவுன்லேண்டும்கூட. ஞானப்பெற்றோர் பெரும்பாலும் அத்தை, மாமன், சித்தப்பா முறையினர் என்பதால் அந்த இரு பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கிரிஃபித் மதிப்பீட்டில் பெயர் இருப்பதால் அவருக்குச் சொந்த நிலம் இருந்தது.

உண்மை: ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847–1864 காலத்தில் வெளியான இந்த வரி மதிப்பீடு, நிலத்தை அனுபவிப்பவரை எழுதியது. நம்மூர்க் கணக்கில் சொன்னால் பட்டாவைவிட அடங்கலுக்கு நெருக்கமானது. அனுபவிப்பவர் பெயருக்குப் பக்கத்திலேயே அவருக்குக் குத்தகைக்கு விட்டவரின் பெயர் இருக்கும். பெரும்பாலான விவசாயிகள் குத்தகைதாரர்களே. குத்தகைக்கு விட்டவர் பெயரும் வீண்போகாது. அவருடைய பண்ணைக் கணக்குகளில் வாடகைப் பட்டியல் கிடைக்கலாம்.

நம்பிக்கை: கிரிஃபித்தில் பெயர் இல்லையென்றால் தேடல் முடிந்தது.

உண்மை: பல மாவட்டங்களில் மதிப்பீடு நடந்தபோது உங்கள் ஆள் கடல் தாண்டியிருப்பார். அவருடைய அப்பாவையோ அண்ணனையோ தேடுங்கள். பஞ்சத்துக்கு முந்தைய 1823–38 காலத்துத் தசமபாக (தேவாலய வரி) ஏடுகளில் விவசாய நிலம் வைத்திருந்தவர்கள் பெயர் இருக்கும். நிலமற்ற கூலிகள் பெயர் இராது. கிரிஃபித்துக்குப் பிந்தைய திருத்த ஏடுகள் இன்னும் சுவையானவை. குத்தகை கைமாறும்போது குமாஸ்தா பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை வேறு நிற மையில் எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறித்தார். தகப்பன் பெயர் அடிபட்டு விதவையின் பெயர் ஏறினால், இறப்பு ஏறக்குறைய எந்த ஆண்டு என்பது கைக்கு வந்துவிடும். அந்த வரிசையை 1901 மக்கள்தொகைக் கணக்கு வரை கொண்டுவரலாம்.

பெயர் மட்டும் ஒத்துப்போனால் அது சாட்சியம் ஆகாது. ஞானஸ்நான வரியும் நில ஏடும் குடியேறிய நாட்டின் பதிவும் ஒரே டவுன்லேண்டில் வந்து சேரும்போதுதான் ‘இவர் எங்கள் ஆள்’ என்று சொல்லலாம். அதுவரை அவர் இன்னொரு பாட்ரிக் மர்ஃபிதான்.