திரூர்க்குப்பம் தந்த நெல்

திருவள்ளூருக்கு அருகே திரூர்க்குப்பம் என்றொரு சிற்றூர் உண்டு. அது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997இல் மாவட்டம் பிரிந்தபோதுதான் நம்மை விட்டுப் போயிற்று. அங்கு 1940களில் தொடங்கப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜி.இ.பி. 24, கோ 18 என்னும் இரு நெல் ரகங்களை இணைத்து ஒரு புதிய நெல்லை உருவாக்கினார்கள். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு அதற்கு டி.கே.எம். 6 என்று பெயரிட்டார்கள். தண்டைத் துளைத்து நடுக்குருத்தைக் காயவைக்கும் புழுவை அந்நெல் ஓரளவு தாங்கி நின்றது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இக்குணத்துக்காக அதைத் தம் குட்டை நெல்லுடன் கலந்தனர். 1969இல் வெளிவந்த அந்த நெல்தான் ஐ.ஆர். 20. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரை அறியாத விவசாயக் குடும்பம் நம் பக்கத்தில் அரிது. 1976இல் வெளியாகி ஆசியாவெங்கும் பரவிய ஐ.ஆர். 36இலும் திரூர்க்குப்பத்து நெல்லின் வாரிசுரிமை உண்டு. ஆனால் இப்பெயர்களில் ஊர் தெரிவதில்லை. பிறந்த வீட்டுப் பெயர் மறைந்து போவது நெல்லுக்கும் உண்டு போலும்!

இரு நெற்களை எப்படி இணைக்கிறார்கள்? நெற்பூ ஒவ்வொன்றிலும் ஆறு மகரந்தப் பைகளும் ஒரு சூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. பூ திறக்கும்போதே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டு விடும். எனவே தாயாகத் தேர்ந்த செடியில், மறுநாள் மலரவிருக்கும் பூக்களை முந்திய மாலையே கண்டுபிடித்து, உமியின் நுனியைச் சிறு கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டி, உள்ளிருக்கும் ஆறு பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று உடைந்தாலும் வேலை வீண். பிறகு எண்ணெய்க் காகித உறையால் கதிரை மூடி வைப்பார்கள். மறுநாள் காலை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிக்குள் தந்தைச் செடியின் கதிரைக் கொண்டுவந்து, வெட்டிய பூக்களின் மேல் தட்டி மகரந்தத்தைத் தூவி, மீண்டும் மூடிச் சீட்டுக் கட்டுவார்கள். இவ்வளவு பாடுபட்டும் ஒரு பூவுக்கு ஒரு மணிதான் கிடைக்கும். கோலமிட்டும் பூத்தொடுத்தும் பழகிய விரல்களுக்கு இது எளிதில் வசப்படும் வேலை என்பது என் எண்ணம்.

அந்த மணியை விதைத்தால் முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரிந்து, நெட்டையும் குட்டையும், சன்னமும் மோட்டாவுமாகச் சிதறும். இவ்வாறு பிரிவதில் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை 1866இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு உலகுக்கு எழுதியவர், புரூன் நகர மடத்தில் வாழ்ந்த அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல். அந்தச் சிதறலிலிருந்து நல்லதைப் பொறுக்கி, மீண்டும் விதைத்து, மீண்டும் பொறுக்கி, குணம் நிலைப்பதற்குள் ஆறேழு தலைமுறை கடந்துவிடும். ஒரு நெல் உழவர் கைக்கு வருவதற்குப் பத்தாண்டு ஆவதும் உண்டு.

இக்காலத்தைக் குறைக்கத்தான் மூலக்கூற்று உயிரியல் துணைக்கு வந்தது. செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருப்பதைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அதில் ஒரு குணத்துக்குரிய பகுதியே ஜீன். திருவிழாக் கூட்டத்தில் சிறிய தங்கை கண்ணில் படாவிட்டாலும், அவள் கையைப் பிடித்துள்ள உயரமான அக்காளைக் கண்டால் தங்கையும் அருகில்தான் இருக்கிறாள் என்று அறிகிறோம் அல்லவா? அதுபோல வேண்டிய ஜீனுக்கு அருகிலேயே உள்ள, எளிதில் அடையாளம் காணக்கூடிய டி.என்.ஏ. துண்டை ‘மார்க்கர்’ என்கிறார்கள். நாற்றிலிருந்து ஓர் இலைத் துணுக்கைக் கிள்ளிச் சோதித்தால் போதும். கதிர் வரும்வரை காத்திராமல் வேண்டிய நாற்றுகளை மட்டும் நடலாம்.

இதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. வடகிழக்குப் பருவமழையில் வயல் பல நாள் மூழ்கினால் என்ன ஆகும் என்பது மதுராந்தகம் ஏரியின் கீழ் வாழ்வோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூழ்கிய நெல், மூச்சுக்காக மேலே வரத் தவித்து நீள்கிறது; சேமித்த மாவுச் சத்தெல்லாம் தீர்ந்து, நீர் வடிந்ததும் துவண்டு மடிகிறது. ஒரிசாவின் பழைய நெல்லாகிய எஃப்.ஆர். 13ஏ மட்டும் நீருக்குள் வளராமல் அடங்கிக் கிடந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கிப் பிறகு துளிர்க்கும். இதற்குக் காரணமான ‘சப் 1’ ஜீனை 2006இல் அறிவித்த குழுவில் பமேலா ரொனால்டு, ஜூலியா பெய்லி செர்ரஸ் என்ற இரு பெண் விஞ்ஞானிகளும் இருந்தனர். மார்க்கர் வழியாக அந்த ஜீனை நம் நாட்டு ரகங்களில் சேர்த்தார்கள். தமிழகத்து சி.ஆர். 1009 நெல்லிலும் அது சேர்க்கப்பட்டது.

மாமல்லபுரம் கடற்கரையோரத்தில் சிக்கல் வேறு, அங்கே உப்பு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கரையோர வயல்களில் புகுந்து உப்பை விட்டுச் சென்றதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். சுனாமி வராவிட்டாலும், கிணற்று நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே ஊர்ந்து வரும். கடற்கரை மணலில் படரும் அடம்புக் கொடியும், கழிமுகச் சேற்றில் சிவந்து நிற்கும் உமரியும் அந்த உப்பில் வாழ்கின்றன, நெல்லால் முடிவதில்லை. சோடியம் இலைக்கு ஏறினால் நெல் கருகிவிடும். கேரளத்துப் பொக்காளி நெல் அதை இலைக்கு ஏறவிடாமல் பெருமளவு தடுத்துக்கொள்கிறது. பிச்சாவரத்தில் வளரும் வெண்கண்டல் மரமோ இலையிலுள்ள சுரப்பிகள் வழியே உப்பை வெளியேற்றுகிறது. இலையை நாவில் வைத்தால் கரிக்கும். சென்னை தரமணியில் 1988இல் டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தில், டாக்டர் அஜய் பரீடாவும் குழுவினரும் இந்த வெண்கண்டலிலிருந்து உப்பைத் தாங்க உதவும் ஜீன்களைப் பிரித்து நெல்லில் புகுத்திப் பார்த்தார்கள். அந்த நெல் இன்னும் உழவர் வயலுக்கு வரவில்லை. வேற்றுச் செடியின் ஜீனைச் சேர்த்த உணவுப் பயிர் உடலுக்கும் சூழலுக்கும் தீங்கற்றது என்று மெய்ப்பிக்க நீண்ட சோதனைகள் வேண்டும்; அவசரப்படாமல் இருப்பதே முறை. 2025 மே மாதத்தில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் அறிவித்த ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ வேறு வகையைச் சேர்ந்தது. அதில் வெளி ஜீன் எதுவும் இல்லை. வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்காக நெல்லின் சொந்த ஜீன் ஒன்றே திருத்தப்பட்டது.

இத்துறையில் நம் பெண்கள் புதியவர்கள் அல்லர். 1897இல் தலச்சேரியில் பிறந்து, அங்குள்ள திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளியிலும் பின் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் படித்த ஜானகி அம்மாள், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் அதன் காட்டு உறவுகளையும் கலந்து, அவற்றின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணினார். 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். நேருவின் அழைப்பின்பேரில் 1951இல் தாயகம் திரும்பினார். ஓய்வு பெற்றபின்பும் ஓயாமல், அன்று நம் மாவட்டத்திலிருந்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் களக்கூடத்திலேயே 1984இல் மறையும் வரை உழைத்தார். அதற்குமுன் 1977இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

இனிப் பெற்றோருக்குச் சில செய்திகள். மருத்துவமோ பொறியியலோ கிடைக்காவிட்டால்தான் விவசாயப் படிப்பு என்ற எண்ணம் பல வீடுகளில் உண்டு. “பெண்பிள்ளை சேற்றில் இறங்குவதா?” என்றும் கேட்கிறார்கள். நம் வயல்களில் நாற்று நடுபவர்கள் யார் என்று சற்று எண்ணிப் பார்க்கலாம். பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் படித்தவர்கள், கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு வேளாண்மைப் பட்டமோ உயிர்த்தொழில்நுட்பப் பட்டமோ படிக்கலாம். 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளியே அதன் மூலம். அங்கு சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது. நீட் தேர்வு தேவையில்லை. கலைக்கல்லூரியில் தாவரவியல் படித்து, முதுகலையில் இத்துறைக்குத் திரும்புவதும் நல்ல வழியே. ஆராய்ச்சி செய்வோருக்கு அகில இந்தியத் தேர்வுகள் மூலம் மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். அரசு வேளாண்மை அலுவலர், விதைச் சான்று அலுவலர், ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி, கல்லூரி ஆசிரியை, விதை நிறுவனப் பணி எனப் பல வேலைகள் உள்ளன. ஆனால் ஆராய்ச்சியாளராக விரும்புகிறவள் முனைவர் பட்டத்தோடு சேர்த்துப் பிளஸ் டூவுக்குப்பின் பத்தாண்டுகள் படிக்க நேரிடும். அதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நலம். பாதியில் நிறுத்திய ஆராய்ச்சிப் படிப்பு எவருக்கும் பயன்படுவதில்லை.