யுத்தமும் சரக்கு ஒப்பந்தமும்

எங்கோ யுத்தம் மூண்டாலும் நம் கிட்டங்கி வரை அதன் சூடு எட்டிவிடுகிறது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படலாயின. பல கம்பெனிகள் தம் கப்பல்களை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அனுப்பின. கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் ஏறின. இத்தகைய சமயங்களில், "யுத்தம் வந்துவிட்டதே, இனி ஒப்பந்தம் நம்மைக் கட்டுப்படுத்தாது" என்று வியாபாரிகளில் சிலர் எண்ணிவிடுகின்றனர். சட்டம் அவ்வளவு தாராளமானதல்ல.

சாகிரோக்ளு வழக்கு என்று வக்கீல்கள் குறிப்பிடும் ஒரு வழக்கை இங்கே பார்ப்போம். சூடான் நாட்டு நிலக்கடலை 300 டன்னை ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு விற்பதாக 1956 அக்டோபரில் ஓர் ஒப்பந்தம். நவம்பர், டிசம்பரில் கப்பலேற்ற வேண்டும். சி.ஐ.எப். விலை, அதாவது இன்ஷூரன்ஸும் கப்பல் கூலியும் விற்றவர் பொறுப்பு. நவம்பர் 2-ஆம் தேதி சுயேஸ் கால்வாய் அடைபட்டது. சரக்கோ போர்ட் சூடான் கிட்டங்கியில் தயாராக இருந்தது, விற்றவர்கள் அனுப்பவில்லை. கால்வாய் வழியாகச் சுமார் 4,400 மைல். முனையைச் சுற்றினால் 11,000 மைலுக்கு மேல். டன்னுக்கு ஏழரைப் பவுனாக இருந்த கூலி டிசம்பர் நடுவில் இரட்டிப்பாகிவிட்டது. யுத்தம், முற்றுகை பற்றிய ஷரத்தும் ஒப்பந்தத்தில் இருந்தது. ஆயினும் 1961-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை விற்றவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

ஏன்? எந்த வழியாக அனுப்புவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை. இன்ன தேதிக்குள் ஹாம்பர்க் சேர வேண்டுமென்றும் இல்லை. நிலக்கடலை சில வாரம் கூடுதலாகக் கடலில் கிடந்தால் கெட்டுப்போவதில்லை. (பழமோ மீனோ என்றால் பேச்சு வேறாக இருந்திருக்கலாம்.) யுத்த ஷரத்து "கப்பலேற்றத்தைத் தடுத்தால்" என்றுதான் சொன்னது, போர்ட் சூடானில் கப்பலேற்ற எந்தத் தடையும் இருக்கவில்லை. செலவு கூடியது, காரியம் அசாத்தியமாகவில்லை. அச்சடித்த தாளில் யுத்தம் என்ற சொல்லைக் கண்டதும் திருப்தியடைந்து கையெழுத்திடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தச் சொல் எதைத் தடுத்தால் பலிக்கும், தாமதத்துக்கும் கூலி ஏற்றத்துக்கும் பொருந்துமா, ஏறிய கூலியை யார் கட்டுவது என்பதையன்றோ படித்துப் பார்க்க வேண்டும்!

மெய்யாகவே ஒப்பந்தம் முறியும் நிலையும் உண்டு. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 57-ஆம் பிரிவில் ஓர் உதாரணமே தந்திருக்கிறது. அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் சரக்கேற்ற ஒருவர் ஒப்புக்கொள்கிறார். பின்னர் அவருடைய அரசாங்கம் அந்நாட்டின் மீது யுத்தம் பிரகடனம் செய்கிறது. அந்தக் கணமே ஒப்பந்தம் செல்லாது.

அப்படியானால் கொடுத்த முன்பணம்? 1939 ஜூலையில் போலந்துக் கம்பெனி ஒன்று லீட்ஸ் நகர ஆலையொன்றிடம் 4,800 பவுனுக்கு இயந்திரம் செய்யச் சொல்லி 1,000 பவுன் கட்டியது. செப்டம்பரில் யுத்தம் மூண்டு, இயந்திரம் போய்ச் சேரவேண்டிய கிடினியா துறைமுகம் ஜெர்மானியர் வசமாயிற்று. 1942-இல் பிரபுக்கள் சபை 1,000 பவுனையும் திருப்பித் தரச் சொன்னது. வேலையைத் தொடங்கிச் செலவு செய்திருந்த ஆலைக்கு ஒன்றும் கிட்டவில்லை. இக்குறையை நீக்க 1943-இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்திலும் சிங்கப்பூரின் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே ஏற்பாடு இருக்கிறது. முன்பணம் திரும்பும், பெற்றவர் செய்த செலவுக்கு நியாயமானதைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஆதலால் பில்லும் ரசீதும் பத்திரமாயிருக்கட்டும்.

கடல்வழிச் சரக்கு ஏற்றுமதிக்காகக் கப்பல்காரருடன் செய்யும் ஒப்பந்தத்துக்குப் பொதுவாக இந்த ஏற்பாடு பொருந்தாது. முன்கூட்டியே கட்டிய கப்பல் கூலியை இச்சட்டத்தைக் காட்டித் திரும்பக் கேட்க முடியாது. அதற்குக் கப்பல் ரசீதின் பின்புறத்துச் சிறு எழுத்துக்களைத்தான் பார்க்க வேண்டும்.