பழைய படங்களை விரும்பும் மருமகளுக்கு

அன்புள்ள கயல்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. கல்லூரியில் உன்னோடு படிக்கிறவர்கள் "எப்பப் பாரு பழசு, பழசு" என்று கிண்டல் செய்கிறார்கள், இந்தப் பைத்தியத்தை விட்டுவிடட்டுமா மாமா என்று கேட்டிருக்கிறாய். விடாதே. ஓவியர் கோபுலுவின் கோட்டையும் இரும்புக்கை மாயாவி காமிக்ஸின் இருட்டையும் இந்த வயதில் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் உன் கண் நல்ல கண். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. நீ வரைந்த படங்களில் தாளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறாய். ஓரத்தில் கறை, நடுவில் மடிப்பு. வண்ணம் கோட்டை விட்டு ஒரு நூல் அளவு நகர்ந்திருக்கிறது, மேலே புள்ளி புள்ளியாக ஒரு பரப்பு. கம்ப்யூட்டரில் இதெல்லாம் ஒரு தட்டில் வந்துவிடும் என்று உன் அம்மா சொன்னாள். இவற்றில் எதையும் அந்த ஓவியர்கள் வரையவில்லை, கயல். அவர்கள் நல்ல வெள்ளைத் தாளில்தான் வரைந்தார்கள். நியூஸ்பிரிண்டில் இருக்கிற மரக்கூழ் காற்றும் வெயிலும் பட்டு மஞ்சளாகிறது. நான்கு வண்ண அச்சு பிளாக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராதபோது வண்ணம் விலகுகிறது. அச்சாபீஸில் ஆர்ட்டிஸ்டாக இருந்த காலமெல்லாம் அப்படி விலகாமல் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் பாடுபட்டோம். உனக்குப் பிடித்திருப்பது அவர்கள் வரைந்ததா, காலம் அதன்மேல் பூசியதா என்று பிரித்துப் பார்க்கப் பழகு. இரண்டும் பிடித்திருந்தால் தப்பில்லை. ஆனால் நீ கற்றுக்கொள்ள வேண்டியது முதலாவதில்தான் இருக்கிறது.

அவர்கள் கோட்டை அச்சில் ஏற்றிய லைன் பிளாக் என்றால் என்ன என்று உனக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஓவியர் இந்தியன் இங்க்கில் வரைந்த படத்தைக் கேமராவில் பிடித்து, சிறிதாக்கி, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரிப்பார்கள். கோடு இருக்கும் இடம் மேடாக நிற்கும், மற்றதெல்லாம் பள்ளமாகிவிடும். மேட்டில் மை ஏறும். அவ்வளவுதான். கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் என்று ஒன்று கிடையாது. சாம்பல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கியோ, புள்ளி வைத்தோ, தூரிகையை உலர்த்தி இழுத்தோ கண்ணை நம்பவைக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: மட்டமான தாள் மையை உறிஞ்சும், கோடு பருக்கும். ரொம்ப நெருக்கி வரைந்தால் அச்சில் அந்த இடம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் காற்று புகுந்து வருகிற மாதிரி இடைவெளி இருக்கிறது. கோபுலு ஒரு மூக்கை ஒரே வளைவில் முடித்துவிடுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு.

இதை உன் கையே கற்றுக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஒரு மாதம் சாம்பலைத் தொடாதே. கறுப்பு மட்டும். அச்சில் வரவேண்டிய அளவைப் போல் இரண்டு மடங்கு பெரிதாக வரை. பிறகு பாதியாகக் குறைத்து, கிடைப்பதிலேயே மட்டமான தாளில் பிரிண்ட் எடுத்து, கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பார். எந்தக் கோடு பிழைத்தது, எது செத்தது என்று தானே தெரியும். டேப்லெட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைகிறாயே, அங்கே இந்தப் பாடம் கிடைக்காது.

இரும்புக்கை மாயாவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். வரைந்தவர் பெயரை மட்டும் காணோம். அது உன் குற்றமில்லை. 1962 அக்டோபரில் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' வார இதழ் தொடங்கியபோதே அந்தத் தொடரும் தொடங்கியது. அந்த நாட்டு வார இதழ்களில் ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் அப்போது இல்லை. 1972-இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து அந்தக் கதையோடுதான் புறப்பட்டது. நம் ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் மாயாவியைக் கனவில் கண்டார்கள், கையைக் கொடுத்தவரை அறியாமலே. அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் என்பது கதை. ஓவியன் பக்கம் நின்று யோசித்துப் பார். கதாநாயகனே கண்ணுக்குத் தெரியமாட்டான். முகம் இல்லை, கோபம் இல்லை, பயம் இல்லை. ஒரு கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதனால் பிளாஸ்கோ சுற்றியிருப்பதை அவ்வளவு உண்மையாக வரைந்தார்: கதவு, மேசை விளக்கு, மழையில் நனைந்த தெரு, பார்த்துத் திகைக்கிறவர்களின் முகம். அறை நிஜமாக இருப்பதால்தான் அந்தரத்தில் மிதக்கும் கையை நாம் நம்பினோம். நீ அந்தக் கையை மட்டும் அழகாக வரைந்து அனுப்பியிருக்கிறாய். அந்த அறையை வரைந்து அனுப்பு.

நீ பெரிதாக நினைக்கிற ஒவ்வொருவரும் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள். சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தார். விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' படங்களில் கல்லின் மூளியையும் நீ தொட்டுப் பார்க்கலாம். நாமக்கல்லில் பிறந்த ஸ்ரீனிவாசனுக்கு விகடன் ஓவியர் மாலி வைத்த பெயர் சில்பி. அந்தப் பெயருக்கு அவர் கடைசிவரை உழைத்தார். கோபுலு தஞ்சாவூர்க்காரர். 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதைக்கு வரையும்போது, தவில்காரர் எப்படி உட்காருவார், சபையில் மிராசுதார் எப்படிச் சாய்ந்திருப்பார் என்று அவர் யாரிடமும் போய்க் கேட்கத் தேவையிருக்கவில்லை. கண்ணுக்குள் அந்த ஊர் முழுக்க இருந்தது. வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களை அவரால் போட முடிந்ததும் அதனால்தான். ஆள் நிற்கிற நிலையே பேசிவிடும். பிற்காலத்தில் பக்கவாதத்தில் வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். கை மாறினாலும் அந்தக் கண் அவரிடம் இருந்தது.

நீ எதைப் பார்த்து வரைகிறாய்? அவர்கள் வரைந்த படத்தைப் பார்த்து. அவர்கள் பார்த்து வரைந்தது தெருவையும் மனிதர்களையும். இந்த இடத்தில்தான் உனக்கும் அவர்களுக்கும் தூரம். பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், உன் கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து வரை. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நிற்கிற பையனை, போனைக் குனிந்து பார்க்கிற கழுத்தை, கோபுலு பார்த்திருந்தால் எப்படிப் போட்டிருப்பார்? அதைக் கண்டுபிடிப்பது உன் வேலை. பழைய கோட்டில் இன்றைய கழுத்து வரட்டும்.

நகல் எடுக்காதே என்று சொல்லவில்லை. நிறைய எடு, கை பழகும். ஆனால் அதோடு நின்றுவிடாதே. பொன்னியின் செல்வனுக்கு 1950-இலிருந்து 1954 வரை மணியம் வரைந்தார். கல்கி பத்திரிகை அதே கதையை மறுபடி மறுபடி வெளியிட்டபோது வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். அதே வந்தியத்தேவன்தான், ஒவ்வொருவரிடமும் வேறு ஆள். மணியத்தின் மகன் மணியம் செல்வனைப் பார். அப்பாவின் கோட்டை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர், ஆனாலும் அவருடைய பெண்கள், அவருடைய வண்ணம், அந்த மென்மை எல்லாம் அவருக்கே உரியவை. என் கணக்கில் அது தகப்பனுக்குச் செய்த பெரிய மரியாதை.

பையிலும் பனியனிலும் பழைய படங்களை அச்சடித்து விற்கலாம் என்று உன் தோழி சொல்கிறாளாம். படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நம் சட்டத்தில் உரிமை உண்டு. பத்திரிகையையோ குடும்பத்தையோ கேட்காமல் அதில் இறங்காதே. நீ வரைந்ததைப் போடு, அதை நானே வாங்குகிறேன்.

சேகரிப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகிறதை மீட்டுக்கொண்டு வருவது நல்ல காரியம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரும் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர்தான். அச்சிட்ட தாளின் மேல் வைத்த ஆசை வீடு நிறையப் புத்தகமாகி, இன்று தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஆகவே ஆசையாகத் தொடங்கியதைச் சின்னது என்று நினைக்காதே. ஆனால் முறையாகச் செய். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதே, அதன் பசை சில வருஷத்தில் தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வெயில் படாத, ஈரம் இல்லாத அலமாரியில் படுக்கை வசமாக அடுக்கு. தொடர்கதைகளைக் கிழித்து பைண்ட் செய்த புத்தகம் கிடைத்தால் விடாதே. ஆனால் பைண்டர் ஓரத்தை வெட்டியிருப்பார், படத்தின் மூலையிலிருந்த ஓவியரின் கையெழுத்தும் சில சமயம் அதோடு போயிருக்கும். அதனால் ஒரு நோட்டுப் போடு: இதழ், தேதி, பக்கம், வரைந்தவர். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, தெரிகிற அன்றைக்கு எழுது. ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐக்குக் குறையாமல் செய். மஞ்சளை நீக்காத ஒரு பிரதியையும் வைத்துக்கொள், பிற்பாடு ஆராய்கிறவர்களுக்கு அது வேண்டும்.

என்னிடம் இருக்கிற பழைய தீப்பெட்டி லேபிள்களையும், கோவில்பட்டி கொண்டையராஜு பாணிக் காலண்டர்ப் படங்கள் சிலவற்றையும் பார்சலில் அனுப்புகிறேன். வீட்டில் எஞ்சியிருந்த ஒரு லைன் பிளாக்கும் அதில் இருக்கும், விரலால் தடவிப் பார். பொங்கலுக்கு வரும்போது கேன்டீன் படங்களைப் பெரிதாக வரைந்த தாளிலும் பாதியாகக் குறைத்த பிரிண்டிலும் கொண்டு வா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவோம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா